அடி சதுரம், வாய் வட்டம்: ஒரு நன்றி மடல்

எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த வாரம் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் என் இறுதியாண்டுப் படங்கள் மூன்று நாட்கள் காட்சிக்கு இருந்தன. அம்மம்மா ஒடியற்கூழ் (ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழ்) காய்ச்சும் ஒரு நிலாக்கால மாலையைச் சொல்லும் சிறுவர் கதை அது. அதற்காக றப்பரில் வெட்டி, மை பூசி, கையாலேயே அச்சடித்த 18 படங்கள். பார்க்க வந்தவர்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தப் பாணியை எங்கே பிடித்தீர்?" கூட்டத்துக்கு நடுவே நின்று அதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் படங்களில் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். அவர்களில் பாதிப்பேர் காட்சிக்கு வரவும் இல்லை. அவர்களுடைய காதில் விழவேண்டும் என்பதற்காகவே பொதுவில் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை, "என்னுடைய பெயர் எதற்குப் பிள்ளை" என்று பலர் மறித்துவிட்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் விரிவுரையாளருக்கு. இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருநாள் சேர் என் படங்களில் பத்தை எடுத்து, இணையத்தில் கிடைத்த வேறு பத்துப் படங்களோடு கலந்து மேசையில் பரப்பினார். என் தோழியை அழைத்து, "இவருடையதை எடுத்துத் தாரும்" என்றார். இரண்டு ஆண்டுகளாக என் பக்கத்து மேசையில் இருந்து வரைந்தவள் அவள். பத்தில் நான்கைப் பிழையாக எடுத்தாள். சேர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. படங்களை அடுக்கிக் கையில் தந்துவிட்டு, "மூன்று மாதம் ஒன்றும் வரைய வேண்டாம். பார்த்ததை எழுதிக்கொண்டு வாரும்" என்றார். அன்றிரவு அழுதேன். அடுத்த நாள் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த குறிப்பேடு) வாங்கினேன். இப்போது அந்தக் கொப்பி மூன்றாகிவிட்டது. தோழிக்கும் நன்றி சொல்லவேண்டும். பார்த்துப் பார்த்து, நேர்மையாகப் பிழைவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஏறிய பஸ்களில் பாதியில் அவளும் ஏறினாள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போனேன். நம் ஊரில் கதைக்கும் சஞ்சிகைக்கும் முன்பு எப்படிப் படம் போட்டார்கள் என்று பார்க்கவேண்டும் என்றேன். நூலக உதவியாளராக இருந்த ஓர் அம்மையார் என்னைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். 1981இல் இந்த நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் பற்றிச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான் நான். எண்ணாகத்தான் கேட்டிருந்தேன். ஒரு பழைய இதழைத் தேடிப்போய் வெறுங்கையோடு நிற்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. அவர் இருந்தவற்றை எடுத்துத் தந்தார். மிச்சத்துக்கு 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தைப் பார்க்கச் சொன்னார். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை அது. வீடு வீடாக எஞ்சிக் கிடந்த இதழ்களை மின்வருடி ஏற்றிவைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்தக் கைகளுக்கு என் நன்றி. பல பக்கங்களின் ஓரத்தில் கறையான் தின்ற தடம் அப்படியே இருக்கிறது. அதையும் வெட்டி ஒதுக்காமல் ஏற்றியிருக்கிறார்கள்.

இரவிரவாகப் பார்த்தேன். 1964இல் கேலிச்சித்திரக்காரர் சிவஞானசுந்தரம் தொடங்கிய 'சிரித்திரன்' நகைச்சுவை இதழ்களை முதல் தடவை படிப்பதற்காகப் பார்த்தேன். இரண்டாம் தடவை கோட்டுக்காக மட்டும் பார்த்தேன். சில கோடுகளில் ஓர் ஆளை நிறுத்திவிடுவார். அவருடைய கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரைப் பார்த்தவுடன் நம் ஒழுங்கையில் போகும் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். குருநகர் ஓவியர் மாற்குவின் படங்களையும் தேடினேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்த அவருடைய படைப்புகளில் பல, போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்துபோயின. அச்சில் எஞ்சியிருந்த சிலவற்றின் முன்னால் நெடுநேரம் இருந்தேன். இவர்களைப் போல வரையவேண்டும் என்ற ஆசை வந்தது. கொப்பியைப் பார்த்த சேர் ஒரே ஒரு வரி எழுதினார்: "அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று தேடும்."

அந்த வரிதான் என்னை அச்சகத்துக்கு அனுப்பியது.

நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த அச்சகம். இப்போது கணினியில்தான் எல்லாம். ஆனால் அச்சகத்து ஐயா பதினாறு வயதில் அச்சுக்கோக்க வந்தவர். ஈய எழுத்துகள் எடைக்குப் போய்விட்டன. ஒரு லாச்சி நிறையப் பழைய புளொக்குகளை (படம் அச்சடிக்கும் கட்டைகளை) மட்டும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். பிள்ளையார், நிறைகுடம், வேல், தாமரை, குத்துவிளக்கு. கோயில் திருவிழா விஞ்ஞாபனத்துக்கும் (அறிவித்தலுக்கும்) கலியாண அழைப்பிதழுக்கும் கல்வெட்டுக்கும் இவைதான் மாறி மாறிப் போகும். (வெளியூரார் குழம்பக்கூடாது: எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால், இறந்தவர் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கும் சிறு நூலும்தான்.) குத்துவிளக்கு புளொக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, மை தொட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் அமுக்கித் தந்தார். பூதக்கண்ணாடியையும் கையில் வைத்தார்.

"மேட்டில் மை நிற்கும். பள்ளம் வெள்ளையாக வரும். பள்ளத்தை ஒடுக்கமாக வைத்தால் மை இறங்கி அடைத்துப்போடும். வெள்ளைக்கு இடம் விடும் பிள்ளை, கறுப்பு தானாக நிற்கும்."

சுடர் முழுவதும் மூன்றே வெட்டு. வலப்பக்க ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொரிவு, உடைந்த தடம். வீட்டுக்கு வந்து அம்மப்பாவின் கல்வெட்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தேன். முதற்பக்கத்தில் அதே சுடர், அதே ஓரத்தில் அதே பொரிவு. எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு விளக்கேற்றிய புளொக்கை அன்று காலையில் கையில் வைத்திருந்திருக்கிறேன். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்த ஊர் இது. 1849இல் நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஊர். இதையெல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அந்தப் பொரிவைக் கண்ட பிறகுதான் எனக்கும் அச்சுக்கும் சொந்தம் உண்டு என்று பட்டது. ஐயா, என் கோடுகள் தடிப்பாக இருப்பதற்கும் அவற்றுக்கு இடையே மூச்சுவிட இடம் இருப்பதற்கும் நீங்கள்தான் காரணம்.

அச்சு என்று முடிவாகிவிட்டது. என்ன வடிவம் என்பதுதான் தெரியவில்லை. ஒரே பானையைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று விதி வைத்துக்கொண்டேன்: ஒருமுறை கோட்டின் தடிப்பு, ஒருமுறை நிழல், ஒருமுறை பார்க்கும் கோணம். பன்னிரண்டு பானைகள் வந்தன. பன்னிரண்டும் வேறு யாரோ வரைந்தவைபோல இருந்தன.

அந்த நேரத்தில்தான் கைதடிப் பக்கம் இருக்கும் ஆச்சியிடம் போனேன். போனது கடகம் (பனையோலைக் கூடை) வாங்குவதற்கு. கதையில் கடகம் வருகிறது, பார்த்து வரையலாம் என்று நினைத்தேன். ஆச்சி திண்ணையில் கால் நீட்டி இருந்து இழைத்துக்கொண்டிருந்தார். குருத்தோலையை நகத்தால் அளந்து வாருவார். கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், விரல் ஓலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கை ஓடும். அன்று முழுவதும் பக்கத்தில் இருந்தேன்.

கடகத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அதன் அடி சதுரம், வாய் வட்டம் என்பதை அன்றுதான் கண்டேன். "எப்படி ஆச்சி வட்டம் வருகிறது, ஓலை நேராகத்தானே இருக்கிறது?" என்று கேட்டேன். ஆச்சி சிரித்தார். "ஓலை மடங்கும், பக்கத்துக்கு வளையாது. வளைக்கப் போனால் வெடிக்கும். மூலையை எழுப்பிவிட்டால் அது தன்பாட்டில் வட்டத்துக்கு வரும்." பிறகு சாயம் போட்ட ஓலை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். கத்தரிப்பூ நிறம். விளிம்பிலிருந்து அந்த ஒரே ஓலையை விரலால் பின்தொடரச் சொன்னார். சரிந்து இறங்கியது, அடியில் நேராகக் கடந்தது, மறுபக்கத்தில் மீண்டும் சரிந்து ஏறியது. எந்த இடத்திலும் வளைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் என் விரல் ஓர் உருண்டையைச் சுற்றி வந்திருந்தது.

ஆச்சி, அந்த இடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது.

வீட்டுக்கு வந்து வளைகோடே இல்லாமல் பானை வரைந்தேன். எல்லாம் நேரான, சரிந்த கீற்றுகள். பத்தொன்பதாவது பானை கடகம்போல இருந்தது. எல்லாக் கீற்றும் ஒரே அகலம் என்பதே பிழை. இருபத்தேழாவதில் ஓரத்துக்குப் போகப் போகக் கீற்றுகளை ஒடுக்கினேன். பானை உருண்டது. முப்பத்தோராவது பானைதான் காட்சியில் முதற்படமாகத் தொங்கியது. அதன்பின் அம்மம்மாவின் தோள், நிலா, கூழ் குடிக்கக் கோலிய பிலாவிலை, எல்லாம் அதே கீற்றில் வந்தன. கத்திக்கும் நேர்கோடுதான் சுகம்; அதனால் கையும் மனமும் ஒரே பக்கம் இழுத்தன.

வெட்டுவதற்கு நல்ல லினோ (அச்சுப்படம் செதுக்கும் தகடு) இங்கே இலகுவில் கிடைக்காது, கிடைத்தாலும் என் கைக்கு எட்டாத விலை. பஸ் நிலையத்துக்கு அருகில் சப்பாத்துத் தைக்கும் அண்ணா, அடிப்பாகத்துக்கு வைக்கும் றப்பர் தகட்டில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துவைத்துத் தந்தார். ஒருநாளும் காசு வாங்கவில்லை. சைக்கிள் கடை மாமா பழைய குடைக்கம்பியை அறுத்து, பள்ளமான பக்கத்தைத் தீட்டி, மரப்பிடி போட்டு மூன்று உளி செய்து தந்தார். கடைசிப் படம் வரைக்கும் அவற்றால்தான் வெட்டினேன். அழுத்துவதற்கு இயந்திரம் இல்லை. அம்மா, வழுவழுவென்று தேய்த்த ஒரு சிரட்டையை எடுத்துத் தந்தார். கடதாசியின் முதுகில் சிரட்டையை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால் மை முழுவதும் ஏறிவிடும்.

எங்கள் ஊர்ப் பாடசாலையின் மூன்றாம் தரப் பிள்ளைகளுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். ஒரு பாடநேரத்தை எனக்கு விட்டுத்தந்த ரீச்சருக்கும். எழுத்து எதுவும் இல்லாமல் நான்கு படங்களைக் காட்டினேன். ஒரு பையன் எழும்பி, "சுளகுக்குள் ஏன் கத்தரிக்கோல் கிடக்கிறது?" என்று கேட்டான். அது நண்டு. மூன்று நாள் வெட்டிய நண்டு. அவன் என் கொப்பியை வாங்கி ஒரு நண்டு வரைந்து காட்டினான். கண் இரண்டும் தண்டில் எழும்பி வெளியே நின்றன. "நண்டுக்குக் கண் இப்படித்தான் அக்கா நிற்கும்." அவனுடைய அப்பா கடற்றொழிலாளி என்று ரீச்சர் பிறகு சொன்னார். அந்தத் தகட்டைப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினேன். தம்பி, காட்சியில் எல்லோரும் நின்று பார்த்த அந்தக் கண்கள் உன்னுடையவை.

பன்னிரண்டாம் படம் ஏன் ஒற்றைக்கோட்டுக் கொப்பித்தாளில் இருக்கிறது என்றும் சிலர் கேட்டார்கள். கதையில் அந்த இடத்தில் அம்மம்மா, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கூழ் காய்ச்சியதைச் சொல்கிறார். 90களின் தொடக்கம் அது. பத்திரிகைத்தாள் வராமல், நாளிதழ்களே கொப்பித்தாளில் அச்சாகின. பெரியப்பா அப்படி ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். செய்திக்குப் பின்னால் நீலக்கோடுகள் ஓடின. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதை வாசித்த கதையை அம்மாவும் பெரியப்பாவும் ஓர் இரவு முழுக்கச் சொன்னார்கள். வேறு எந்தத் தாளிலும் அந்தப் படத்தை அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. அச்சடித்தபோது கோடுகள் கூழின் ஆவிக்குப் பின்னால் வேலிபோல நின்றன. அது நான் திட்டமிட்டு வந்ததல்ல.

படம் தொங்கவிட நூல் கட்டிய தம்பிமாருக்கும், மூன்று நாளும் தேநீர் தந்த கன்ரீன் அக்காவுக்கும், மழைக்குள் படங்களைப் பொலித்தீனில் சுற்றி ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணாவுக்கும் நன்றி.

அம்மம்மாவுக்கு இப்போது கண் மங்கல். காட்சியின் கடைசி நாளில் கூட்டிவந்தோம். படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே வைத்திருந்த றப்பர்த் தகட்டை எடுத்து விரலால் தடவினார். கீற்றுக் கீற்றாகத் தடவி வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இது பானை விளிம்பு" என்றார். சரியாகச் சொன்னார். அந்தத் தகடு இப்போது அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அச்சகத்து ஐயாவுக்கு: இரவல் வாங்கிய குத்துவிளக்கு புளொக்கைத் திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

கைதடி ஆச்சிக்கு: கடகப் படத்தில் ஒன்று உங்களுக்காகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஓலை வாரும்போது சொல்லி அனுப்புங்கள். அடி இழைக்கப் பழகிவிட்டேன். மூலை எழுப்பும்போது இன்னும் கை தடுமாறுகிறது.