மழைக்காலம் முழுக்க முட்டுக் கொடுத்தவருக்கு

வணக்கம். புதுச்சேரி தமிழ்ப் பகுதியில் இருக்கும் அந்தப் பழைய வீட்டின் கூரை உத்திரங்கள் உளுத்துப்போனதும், இடிக்கப் பார்த்ததும், யார் என்ன சொன்னார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். முழுக்கத் திரும்ப எழுதவில்லை. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரை ஆகிவிட்டது, இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. செய்தி வந்த கையோடு இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி பாரம்பரியக் கட்டடக் கமிட்டியில் பேசியவர்களுக்கு அல்ல, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைக்கார அண்ணனுக்கு.

ஜாக்கி என்கிற, திருகி உயர்த்தும் இரும்புத் தூணையும் சவுக்குக் கம்பையும் இறக்கிவிட்டுப் போவதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் வண்டியை விட்டு இறங்கியவர் நேரே கூடத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். "எங்க குடுக்கப் போறீங்க, நடுவுலயா? வேணாங்க" என்றார்.

உத்திரம் தொங்கினால் நடுவில் முட்டுக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் பெரும்பாலும் உத்திரம் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். மாடித் தண்ணீர் போகும் தூம்பு அடைத்துக்கொள்ளும், ஈரம் சுவருக்குள் இறங்கும், தேக்கே ஆனாலும் முனை உளுத்துவிடும். வெளியே தெரியும் மரம் திடமாகவே இருக்கும். சுவரோரத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினால்தான் குட்டு வெளிப்படும். இந்த நிலையில் நடுவில் கொடுத்து இறுக்கினால் உத்திரம் மேல்நோக்கி வளையும். அதன்மேல் குறுக்காக, குத்துவாட்டில் அடுக்கியிருக்கும் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களின் சுண்ணாம்புப் பிடி விட்டுப்போகும். ஒரு கல் உதிர்ந்தால் பக்கத்துக் கல்லுக்கு அணைப்பு இல்லை. மேலே செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காரை, தட்டோடு, போதாக்குறைக்குப் பிற்காலத்தில் பூசிய சிமென்ட் என்று அத்தனை பாரமும் காத்திருக்கிறது.

அவர் கொடுத்தது சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டு முனையிலும். தரையில் ஒன்பது அங்குல அகலப் பலகை. ஜாக்கித் தட்டு நேராகத் தளக்கல் மேல் உட்கார்ந்தால் கல் விரியும். முற்றத்து ஓரமென்றால் அடியில் ஓடும் தண்ணீர்க் கால்வாயே நொறுங்கும். ஜாக்கித் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு கட்டை, அதன்மேல் சாக்கு மடிப்பு. மாடியறையில் நின்ற ஒவ்வொரு ஜாக்கிக்கும் நேர் கீழே கூடத்திலும் ஒன்று. "தூக்கப் பாக்காதீங்க, தொட்டுக்கினு நின்னா போதும்" என்று கையாலேயே திருகி நிறுத்தினார், கம்பி போட்டு முறுக்கவில்லை.

அதோடு போயிருந்தாலும் நன்றி சொல்லியிருப்போம். கனமழை பெய்த மறுநாள் காலையெல்லாம், கடை திறக்கும் முன், கையில் சுத்தியலோடு வந்து நின்றார். ஈரத்தில் தரை இளகிப் பலகை இறங்கும், கம்பை இறுக்கிய ஆப்பு தளரும். ஒவ்வொரு கம்பையும் லேசாகத் தட்டிக் காது கொடுப்பார். பாரம் ஏறிய கம்பு கணீரென்று கேட்கும், தளர்ந்தது தொப்பென்று கேட்கும். தொப்பென்றதற்கு மட்டும் ஆப்பில் ஒரு தட்டு. அவரை யாரும் கூப்பிடவில்லை. வாடகைப் பேச்செடுத்தால் "முடிவு வரட்டும்" என்பார்.

விண்ணப்பம் கமிட்டிக்குப் போய்த் திரும்பும்வரை வீடு நிற்க வேண்டுமே! 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த, பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது, அதன் பெருமை தெரியாதவர் இந்த ஊரில் யார் இருந்தார்கள்?

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். திண்ணையிலிருந்து தாழ்வாரம், முற்றம், கொல்லைவரை அளவெடுத்து 1:50 அளவில் வரைந்து தந்த கட்டடக்கலை மாணவர்கள். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுப் பாணி மாடி என்பது முகப்புப் படத்தில் பாதிதான் தெரியும், குறுக்குவெட்டுப் படத்தில்தான் முழுசாகப் புரியும். பிரெஞ்சுப் பத்திரத்தைப் படித்துச் சொன்ன பெரியவர். "இருநூறு வருஷப் பழமை" என்ற வரியை அடித்துவிட்டு, பத்திரம் காட்டும் ஆண்டை மட்டும் எழுதச் சொன்னவரும் அவரே. எந்த உத்திரம், எந்த முனை, எத்தனை அடி என்று தனித்தனியாக எழுதித் தந்த பொறியாளர். "கட்டடம் அபாய நிலையில் உள்ளது" என்று ஒற்றை வரி எழுதியிருந்தால் அதுவே இடிப்பதற்குச் சாட்சியாகியிருக்கும். வைசியாள் வீதிச் சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்ததை எடுத்துக்காட்டி மனு எழுதியவர்கள், கையெழுத்திட்ட தெருக்காரர்கள். எல்லோருக்கும் நன்றி.

பட்டியலில் ஏறினால் ரிப்பேருக்குப் பணம் தானாக வந்துவிடாது, தெரிந்ததுதான். ஆனாலும் ஒன்று உறுதி: இனி மாடியில் சிமென்ட் பூச்சு கிடையாது. ஐப்பசி பிறக்குமுன் தூம்பு சுத்தமாகும், கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்று வேரோடு வரும்.

தையில் தச்சு வேலை தொடக்கம். உளுத்த முனையை அறுத்துவிட்டு, புதுத் தேக்கைச் சாய்வெட்டில் சேர்த்து போல்ட் போட்டு, சுவர்க் குழிக்குள் மரத்தைச் சுற்றி ஒரு அங்குலம் காற்றுக்கு விடப்போகிறோம். அதன்பிறகு ஜாக்கிகளைத் துடைத்து, மரைக்கு கிரீஸ் தடவி, கடையில் ஒப்படைப்போம். வாடகையும் சேர்த்துத்தான், அண்ணே. வேண்டாமென்று சொல்லாதீர்கள்.