சூடை மீனும் ஆர் மொழியும்

உப்புவெளி,
திருகோணமலை

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. முதுமாணி ஆய்வுக்கு உனக்கு இடம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்குப் பெரிய சந்தோசம். இங்கே சோழகம் தொடங்கிவிட்டது. கடல் அடங்கிக் கிடக்கிறது, விடியமுதலே கரைவலை இழுக்கிற சத்தம் கேட்கும்.

"ஆர் படிக்கத்தான் வேண்டுமா, எக்ஸெல் காணாதா?" என்று கேட்டிருந்தாய். தரவை உள்ளிட எக்ஸெல் காணும். பகுப்பாய்வுக்கு ஆர் (R) என்ற கணினி மொழியைப் படி. (நான் ஆர் படிக்கிறேன் என்றால் அம்மா இன்னமும் "ஆர் படிக்கிறது?" என்றுதான் கேட்கிறா.) நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாகாவும் ரொபர்ட் ஜென்டில்மனும் தொடங்கியது அது. 1.0.0 பதிப்பு 2000 பெப்ரவரி 29இல் வந்தது. சதம் செலவில்லை, பழைய லாப்டொப்பிலும் ஓடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் நிலாவெளிக் கரையில் 9 வலைகளில் பட்ட 412 சூடைகளின் நீளமும் நிறையும் எடுத்தேன். மீன் உருவம் மாறாமல் வளர்ந்தால், நீளம் இரண்டு மடங்காகும்போது நிறை எட்டு மடங்காகும். இரண்டுக்கும் மடக்கை எடுத்து நேர்கோடு பொருத்தினால் படித்திறன் (கோட்டின் சாய்வு) 3க்குக் கிட்ட வரவேண்டும். எனக்கு 0.1 கூட வரவில்லை. கட்டளையில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் வரி வரியாகத் தேடினேன். மூன்றாம் நாள்தான் வரைபு போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் 375 புள்ளிகள் ஒரே கூட்டமாக, வலப்பக்கம் வெகுதூரத்தில் 37 புள்ளிகள் தனியாக. ஒரு நாள் காலை முழுக்க மில்லிமீற்றரில் எழுதியிருக்கிறேன்! 12.5 சென்ரிமீற்றருக்குப் பதில் 125.

கொப்பியையும் தொடவில்லை, உள்ளிட்ட தரவையும் தொடவில்லை. அந்தத் திகதிக்குரிய நீளங்களை 10ஆல் வகுக்கச் சொல்லி ஸ்கிரிப்டில் (கட்டளைகள் எழுதிய கோப்பில்) ஒரு வரி, அதற்கு மேலே ஏன் என்று தமிழில் ஒரு குறிப்பு. ஹாஷ் குறி (#) போட்டுத் தொடங்கினால் ஆர் அதை விட்டுவிடும். திரும்ப ஓட்டினேன், 2.9 வந்தது. ஐந்து மாதம் கழித்து மேற்பார்வையாளர் "இந்த 37 மீன் ஏன் மாறியது?" என்று கேட்டார். அந்த வரியைக் காட்டினேன். எக்ஸெல் கலத்துக்குள்ளேயே அழித்து எழுதியிருந்தால் எனக்கே மறந்திருக்கும்.

அதனால் எந்தக் கணக்குக்கும் முதல் வரைந்து பார். ஆரைத் திறந்து சின்ன ஆங்கில எழுத்தில் அன்ஸ்கொம் (anscombe) என்று தட்டு. 1973இல் புள்ளிவிபரவியலாளர் அன்ஸ்கொம் காட்டிய நான்கு தரவுத்தொகுதிகள் வரும், ஒவ்வொன்றிலும் 11 புள்ளி. இடை, நியம விலகல், பொருத்திய கோடு எல்லாம் அநேகமாக ஒன்றேதான். வரைந்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒற்றைப் புள்ளி கோட்டையே தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும்.

வெற்றுக் கலத்தில் 0 போடாதே. அந்த 412 போக, நிறுக்க முதல் காகம் தூக்கிப் போன மீன் எனக்கு மூன்று. அவற்றின் நிறையை என்ஏ (NA, அதாவது தரவு இல்லை) என்று விட்டேன். பிறகு இடையைக் கேட்டால் ஆரும் என்ஏ என்றுதான் சொல்லும். அவற்றைத் தவிர்க்கச் சொல்லி நீயாகக் கேட்கவேண்டும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் ஆர் கேட்கவே கேட்காது. 412 மீன் என்று பெருமையாக இருந்தேன், ஆனால் அவை வந்தது 9 வலைகளில். ஒரு வலையில் படுகிற சூடைகள் ஒரே கூட்டம், ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் இல்லாத நம்பிக்கை வந்துவிடும். இது தெரிந்த பிறகு வலையையும் மாதிரியுருவில் சேர்த்துத் திரும்பச் செய்தேன். நம்பிக்கை இடைவெளி (உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சு) அகன்றது. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, என்றாலும் அதையே எழுதினேன். உன் வயல்களில் ஒரே பாத்தியில் எத்தனை செடி எடுக்கப் போகிறாய் என்று இப்போதே யோசி.

பூக்கள், கார்கள் என்று ஆருடனேயே வருகிற பயிற்சித் தரவில் ஒரு கிழமைக்கு மேல் நிற்காதே. உன் தரவில் பத்து வரி வந்தவுடன் தொடங்கு.

அப்புறம், கொப்பியின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. நிரல்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கதைப்போம். அம்மா உனக்குச் சூடைக் கருவாடு கட்டி வைத்திருக்கிறா.

அன்புடன்,
தயா