பாரிஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கு தெஹ்ரானில் அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சென்ற வாரம் தொலைபேசியில் நௌரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு வருவதைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தார், கமாஞ்சே என்ற இரு நரம்பு வாத்தியங்கள் துணையிருக்க, நீ நம் மரபிசையின் ஷூர் பண்ணில் தாளக்கட்டில்லாத ஆவாஸ் பாடிய பதிவை உன் அத்தை காட்டினாள். தஹ்ரீர் என்னும் கமகத்தில் குரல் உடைந்து உடைந்து மேலேறும் இடத்தில் நீ சிறிதும் அவசரப்படவில்லை; ஆசான் மஹ்மூத் கரீமியின் ரதீஃப், அந்த மரபுப் பாடத் தொகுப்பின் வழியில் பாடம் கேட்டவள் என்பது எவருக்கும் தெரிந்துவிடும். நீ அதைப் பழகிய நாட்களில் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி செருகிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் குரல் ஒரு மண்டபம் முழுவதும் ஒலித்ததைக் கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் இங்கே பெண்களுக்குத் தடையுள்ள விதமாக, தலையில் முக்காடில்லாமல், ஆணும் பெண்ணும் கலந்திருந்த அவையில் தனியாகப் பாடியதைப் பதிவும் செய்ய விட்டாயே, என்னிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தக் காலத்துப் பாடகி கமரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கூடும் அவைகளில் ரவ்ஸே என்னும் துக்கப் பாடல்களை ஓதிய பாட்டியுடன் போய்ப் போய்ப் பாடக் கற்றவர், 1924இல் லாலேஸார் தெருவின் கிராண்ட் ஹோட்டலில் முக்காடின்றி மேடையேறினார். சம்பாதித்ததையெல்லாம் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு 1959இல் வறுமையில் இறந்தார். ஆனாலும் அவர் இறந்தது சொந்த நாட்டில். பாடகி மர்ஸியேவுக்கு 1979 புரட்சிக்குப் பிறகு இங்கே மேடையே இல்லாமல் போனது. 1994இல், எழுபது வயதில், நாட்டை விட்டுப் போனவர் 2010இல் நீ இருக்கும் அதே பாரிஸில் கண்மூடினார். இரவில் படுத்தால் எனக்கு இந்த நினைவுதான்.

பாடகி பரீசா வெளிநாடுகளுக்குப் போய்ப் பாடினார், இங்கே திரும்பி வந்து கற்றும் கொடுத்தார் என்று அப்பா வாதாடுகிறார். அந்தக் காலம் வேறு என்கிறேன் நான். 2024 டிசம்பரில் இளம் பாடகி பரஸ்தூ அஹ்மதி, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத பழைய சத்திரத்தில் பாடி இணையத்தில் வெளியிட்டதற்கே பிடித்துப் போனார்கள்; விரைவில் விட்டுவிட்டார்கள் என்றாலும், அந்த ஓர் இரவை அவரைப் பெற்றவள் எப்படிக் கழித்திருப்பாள்?

பாடாதே என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். காலைப் பயிற்சியை விடாதே. குளிரில் கழுத்தை மூடிக்கொள். பயிற்சியை மட்டும் விடாதே.

அப்பாவும் நானும் நௌரூஸுக்கு யெரெவான் போவதென்று பேசியிருக்கிறோம். ஆர்மீனியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டியதில்லை, பேருந்திலேயே போய்விடலாம். உன் அறை பூட்டியே இருக்கட்டும். நீ தெஹ்ரானுக்குச் சீட்டு எடுத்திருந்தால் ரத்து செய்துவிட்டு, யெரெவானுக்கு எடு.

அம்மா