வித்தாள் வெறும் நெல்லைக் கொடுத்தால் போதாது

சுங்கை சிப்புட்

அன்பு மகள் யாழினிக்கு,

நீ எழுதும் கதையில் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் அம்மாவும் நானும் படித்தோம். மலைச்சனம் கண்முன்னே நிற்கிறார்கள். நெல் கொடுக்கும் தெய்வம் வித்தாள்தான் உறுத்துகிறாள். ஒரு பிடி நெல்லைக் கொடுத்துவிட்டு மேகத்துக்குள் போய்விடுகிறாளே, அந்தச் சனம் அதை வைத்து என்ன செய்யும்? பொங்கித் தின்றுவிடும்!

நம் மலேசியாவின் சபாவில் கடசான்டுசுன் மக்கள் சொல்லும் கதையைப் பார். பஞ்சத்தில் படைப்புக் கடவுள் கினோயிங்கான் தன் மகள் ஹுமினோடுனையே பலி கொடுக்கிறார். அவள் சதை நெல், தலை தேங்காய், விரல் இஞ்சி, பல் மக்காச்சோளம். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். புதுப்பயிர் வந்ததும் பழைய கதை அதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. உன் கதையிலும் அப்படி ஒரு பயிர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொள்ளட்டும்.

சரவாக் இபான் மக்களின் மண்தெய்வம் பூலாங் கானா இன்னும் கறார். சகோதரர்கள் காட்டை வெட்டிப் போடுவார்கள். மறுநாள் மரமெல்லாம் பழையபடி நிற்கும். மண்ணுக்குச் சொந்தக்காரனான அவனிடம் கேட்டுப் படையல் வைத்த பிறகுதான் விளைச்சல். வெட்டிய கட்டை துளிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை சட்டென்று புரியும்.

வித்தாள் சொல்ல வேண்டிய முதல் பாடம் நெருப்பு. முதலில் புதரை வெட்ட வேண்டும், பிறகுதான் பெரிய மரம். மாற்றிச் செய்தால் சாய்ந்த மரத்துக்கடியில் கத்தி நுழையாது. நாலைந்து வாரம் வெயிலில் காய வேண்டும். அவசரப்பட்டால் பச்சைக்கட்டை புகையும், எரியாது. சாம்பல் குறையும், களைவிதை மண்ணிலேயே தப்பிக்கும். தள்ளிப்போட்டு மழை பிடித்துக்கொண்டால் அந்த வருஷச் சாப்பாடே போச்சு. ரொம்ப முன்னாலேயே கொளுத்தினாலும் வம்புதான்: விதைப்பதற்குள் புல் முளைத்துவிடும். கொளுத்துமுன் சுற்றிலும் சருகைக் கூட்டி வெறுந்தரையாக்கி, சரிவின் மேல்விளிம்பில் முதலில் தீ வைக்க வேண்டும். அது மெல்லக் கீழே இறங்கி மேல்பக்கம் கருகிய பிறகே அடியில் வைக்கலாம். அடியில் முதலில் வைத்தால் தீ மலையேறி மேல்காட்டையும் தின்னும். உன் இரண்டாம் அத்தியாயத்துக்கு இது ஒன்றே போதும், சண்டைக்காட்சி எதற்கு? (இங்கே செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, மறுநடவில் இப்போது எரிப்பதில்லை. துண்டு போட்ட மரம் மக்கும்போது அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, பிறகு இளங்கன்றின் குருத்தைக் குடைகிறது. எரித்தாலும் ஒரு கணக்கு, எரிக்காவிட்டாலும் ஒரு கணக்கு.)

மலைநெல்லுக்கு ஏர் வேண்டாம். ஆண்கள் கூர்க்கம்பால் ஒரு சாண் இடைவெளியில் குழி குத்திப் போக, பெண்கள் பின்னால் குழிக்கு ஐந்தாறு நெல் போட்டு வருவார்கள். குழி ஓர் அங்குலம் ஆழம். கூடினால் முளை மூச்சுத்திணறும். குறைந்தால் எறும்புக்கும் குருவிக்கும் விருந்து. களையெடுப்பு பற்றி நீளமாக எழுதாதே, ஆனால் முதுகொடிவது அதில்தான். அதே இடத்தில் அடுத்த வருஷமும் விதைத்தால் விளைச்சல் இறங்கும், தொடர்ந்து விதைத்தால் லாலான் புல் ஏறும். பத்து வருஷமாவது காடாக விடச் சொல்வது வித்தாளின் விலக்காக இருக்கட்டும்.

அறுப்புக்கு அரிவாள் கொடுக்காதே. உள்ளங்கைக்குள் மறையும் சின்னக் கத்தி, ஜாவாவில் அனி-அனி என்பார்கள். நெல்லின் உயிர் பயப்படக்கூடாது என்பது நம்பிக்கை. ஒவ்வொரு கதிராக அறுப்பதால் பழுத்ததை மட்டும் எடுக்கலாம், நல்ல கதிரை விதைக்கென்று ஒதுக்கலாம். அந்த நெல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம். அப்படியே கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும், முளைக்காது. பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைத் தொடக்கூடாது என்ற விலக்கை நாலாவது அத்தியாயத்தில் யாராவது மீறட்டும். அதை எழுதி முதலில் எங்களுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா