479-வது பிரிவின் உட்பிரிவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பேச்செல்லாம் மோசடிக்கான பிரிவு 420 போய் 318 வந்ததைச் சுற்றியே இருக்கிறது. எண்கள் பழகிவிடும். பழகிவிடக் கூடாத ஒரு விஷயம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவில் இருக்கிறது.

தீர்ப்பு வருமுன்பே சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகளின் ஜாமீன் பற்றிய பிரிவு அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436ஏ பிரிவுப்படி, அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்தவரை ஜாமீனில் விடுவிக்க வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறது புதிய சட்டம். ஏழாண்டு தண்டனைக்குரிய குற்றம் என்றால் மூன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு நான்கு மாதமாகக் குறைகிறது. காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாட்டின் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றம்தான்.

ஆனால் அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ, பல வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாதாம். 436ஏ-வில் இப்படி ஒரு தடை இல்லை. பல வழக்கு உள்ளவர் என்றாலாவது ஏதோ நியாயம் பேசலாம். ‘ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்’ என்பதை எப்படி ஏற்பது? ஒரே ஒரு பிரிவோடு நிற்கிற எஃப்.ஐ.ஆர். எத்தனை இருக்கும்? இரவில் பூட்டை உடைத்துத் திருடினால், உடைத்துப் புகுந்தது ஒரு குற்றம், திருடியது இன்னொரு குற்றம். முடிந்தது கதை. ஒருவர் எவ்வளவு காலம் உள்ளே இருப்பார் என்பது, எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர் எத்தனை பிரிவு சேர்க்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடும். ஆபத்தானவரை வெளியே விட்டுவிடுவோமோ என்ற பயத்துக்கும் இடமில்லை. அரசு வழக்கறிஞரைக் கேட்டு, காரணத்தை எழுதிவைத்து, காவலை நீட்டிக்கும் அதிகாரம் அதே பிரிவில் நீதிபதிக்கு இருக்கிறதே!

2023 டிசம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சஸ்பெண்ட் ஆகியிருந்த நாட்களில் நிறைவேறிய சட்டம் இது. அவர்கள் அவையில் இருந்திருந்தாலும் இந்த உட்பிரிவைப் பற்றிக் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமும் திருத்தம் கொண்டுவரலாம். திருத்தங்களைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் தமிழக அரசு 2024 ஜூலையில் ஒரு குழுவும் அமைத்தது. தண்டனைப் பிரிவுகளைப் பற்றி எவ்வளவோ விவாதிக்கிறோம். 479-ன் இரண்டாவது உட்பிரிவிலிருந்து ‘ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்’ என்பதையாவது நீக்க அரசு முன்வர வேண்டும். உங்கள் இதழ் இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்