தடைக்காலத்தில் வஞ்சிரம் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓ.எம்.ஆர். பக்கமும் முளைத்துவரும் பண்ணை உணவகங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். படமெல்லாம் பிரமாதம். மண்சட்டி, வாழையிலை, பின்னால் தென்னந்தோப்பு, ஓரமாக நாலு வாத்து. ஆனால் தட்டில் இருக்கும் கத்தரிக்காய் எந்தக் கொல்லையில் காய்த்தது என்று அந்தக் கட்டுரை முழுக்கத் தேடியும் ஒரு வரி கிடைக்கவில்லை. நான் அடையாறு பக்கம் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறவள். விடிவதற்கு முன்னால் கோயம்பேட்டில் நின்று காய் வாங்குவதுதான் என் பிழைப்பு, அதனால் எங்கே சாப்பிடப் போனாலும் இந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. வீட்டில் இதற்காகவே என்னை வெளியே அழைத்துப்போகப் பயப்படுகிறார்கள்.

போன மே மாதம் அக்கா குடும்பத்தோடு கோவளம் தாண்டி அப்படி ஓர் இடத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், ஒருவரை மட்டும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் நிலத்தில் விளைந்ததை, இந்தப் பருவத்தில் விளைந்ததை மட்டுமே சமைக்கிறோம் என்று வாசலில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே மெனுவைப் பிரித்தால் ப்ராக்கோலி சூப், பேபி கார்ன் வறுவல், ஸ்ட்ராபெரி மில்க் ஷேக், அப்புறம் ‘கடலிலிருந்து நேராக’ வஞ்சிரம். அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நேரத்தில் செங்கல்பட்டு மாவட்டத்து மணலில் ப்ராக்கோலி விளைகிறதென்றால் அந்த விவசாயியைப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். வஞ்சிரம் கதை இன்னும் வேடிக்கை. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் வரிசையாகக் கட்டிப்போட்டு, பெயின்ட் அடிப்பதும் வலையைச் சரிபார்ப்பதுமாக இருப்பார்கள். ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் கரையை ஒட்டிப் போய் நெத்திலி, சங்கரா, காரப்பொடி என்று கிடைத்ததைக் கொண்டுவருவார்கள், எப்போதாவது ஒரு பெரிய மீன் மாட்டினால் அன்று அவர்களுக்கு அதிர்ஷ்டம். தினமும் ஐம்பது பேருக்கு ஒரே கனத்தில் வஞ்சிரம் துண்டு போடுகிற கதை அதில் நடக்காது.

பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். நல்ல பையன், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தான். “மீன் கேரளாவிலிருந்து வருது மேடம், காய் எல்லாம் கோயம்பேடு” என்றான். சரி, கோயம்பேட்டுக் காய் ஒன்றும் பாவமில்லை, நானும் அதைத்தான் சமைக்கிறேன், ஆனால் என் மெஸ் வாசலில் என் நிலம் என்று நான் எழுதி வைக்கவில்லை. பின்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். பச்சை வலைக்கு அடியில் கொஞ்சம் லெட்டூஸ், துளசி, வெயிலில் வாடிய தக்காளிச் செடிகள், படம் எடுத்துக்கொள்ள ஒரு மாட்டுவண்டி. அவ்வளவுதான் பண்ணை.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. அந்த மதிலுக்கு வெளியே, சாலையோரப் புளியமரத்தடியில், ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். குலையிலிருந்து ஒரு காயை இழுத்து, மேல் மட்டையை ஒரே வெட்டில் சாய்த்து, உள்ளே தெரிகிற மூன்று கண்ணிலும் கட்டைவிரலை விட்டு உடையாமல் பெயர்த்து ஓலையில் போடுகிறார். தோல் இன்னும் முற்றாத இளநுங்கு, விரல் பட்டால் உள்ளே இருக்கிற நீர் தெறிக்கிறது. பக்கத்தில் தர்பூசணி குவியல், கட்டுக்கட்டாக வெள்ளரிப்பிஞ்சு. அந்த மண்ணில் அந்த வாரம் விளைந்தது என்று சத்தியம் செய்யக்கூடிய மூன்று பொருள் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, மெனுவில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் பில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நுங்கு வாங்கிச் சாப்பிட்டோம். அக்கா மகன், “சித்தி, இதுதான் இன்னைக்கு நல்லா இருந்துச்சு” என்றான்.

ஒரு மெஸ்காரி பொறாமையில் பேசுகிறாள் என்று யாராவது நினைக்கலாம். பண்ணையில் விளைந்ததைத் தட்டில் வைப்பது என்ற இந்த யோசனையே எங்கிருந்து வந்ததென்று பார்த்தால் நான் கேட்பது அதிகமில்லை என்று தெரியும். அமெரிக்காவில் பெர்க்லி ஊரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்கிற அம்மாள் 1971-இல் ஷே பனிஸ் என்ற உணவகத்தைத் தொடங்கினார். அங்கே கீழ்த்தளத்தில் ராத்திரிச் சாப்பாடு ஒரே வகைதான், சுற்றுவட்டத் தோட்டக்காரர்களிடம் அன்று என்ன நன்றாக இருக்கிறதோ அதைப் பார்த்துத் தினமும் மாறும். வந்தவர் கேட்பதைச் சமைப்பது என்ற பேச்சே இல்லை. இத்தாலியில் பண்ணை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவதற்கு 1985-இலேயே தேசிய அளவில் சட்டம் போட்டு, 2006-இல் திருத்தி எழுதினார்கள். விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்கு அடுத்ததுதான், தட்டில் வைப்பதில் கணிசமான பங்கு சொந்த நிலத்து விளைச்சலாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது, எவ்வளவு என்பதை அந்தந்த மாகாணம் முடிவு செய்யும். நம்மிடம் நாலு வாத்து இருந்தால் போதும்.

தங்கை மகள் மெல்பர்னில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது யாரா பள்ளத்தாக்கில் ஒரு ஒயின் தோட்டத்துக்குச் சாப்பிட அழைத்துப்போனாள். ஒயின் நான் தொடுவதில்லை, அதைப் பற்றி அவர்கள் பேசிய முக்கால்வாசி எனக்குப் புரியவுமில்லை. ஆனால் சாப்பாட்டு அட்டை ஒரே பக்கம், மேலே தேதி அச்சிட்டிருந்தது. மார்ச் மாதம், ஜன்னலுக்கு வெளியே திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் ஏதோ ஒரு காயைக் கேட்டதற்கு, அது போன வாரத்தோடு முடிந்துவிட்டது, இப்போது அத்திப்பழம் வந்திருக்கிறது, அதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று அந்தப் பெண் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள். விலை அங்கேயும் கொள்ளைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொடுத்த காசு எதற்கென்று தெரிந்தது.

ஒயின் தோட்டம் என்றதும் அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தள்ள வேண்டாம். நாசிக்கில் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே சாப்பாடும் தங்குமிடமுமாகக் கூட்டம் அலைமோதுகிறது. நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் காய்க்கிறது, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. சுருளி அருவிக்குப் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்திப் பந்தலுக்கு அடியில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கிலோ பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மதுக்கடை எல்லாம் 2003-லிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிற மாநிலத்தில் நாசிக் மாதிரி நடக்காது, நடக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. திராட்சை ரசமும் அந்த ஊர்ச் சாப்பாடும் போதுமே, அந்தப் பந்தலடியில் நாலு பாய் விரித்துப் பரிமாறினால் யார் வேண்டாம் என்பார்கள்?

சென்னைக்கு வருவோம். நம் ஊரில் பருவம் என்று ஒன்று இருக்கிறதா, வருஷம் முழுக்க ஒரே வெயில்தானே என்று ஒரு சமையல் கலைஞர் என்னிடமே கேட்டார். அவர் கோயம்பேட்டுக்குள் ஒரு தடவையாவது கால் வைத்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். தை மாதம் பச்சை மொச்சை மூட்டை மூட்டையாக இறங்கும், உரிக்க ஆள் கிடைக்காது, கூடவே பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, அவரை, பரங்கி. மாசி கடைசியில் மாவடு எட்டிப்பார்க்கும். பங்குனியில் வேப்பம்பூ. அப்புறம் மூன்று மாதம் நுங்கும் பதநீரும் கிர்ணியும் மாங்காயும்தான் ராஜ்ஜியம். முருங்கைக்காய் கோடையில் கட்டுக்கட்டாகச் சீப்படும், அதுவே மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காய் விலையைக் கேட்டால் தங்கம் விலை கேட்ட மாதிரி இருக்கும். ஐப்பசி அடைமழையில் கீரை அழுகிப்போய் வரத்தே இருக்காது. அந்த நாட்களில் என் மெஸ்ஸில் கீரை கிடையாது, வற்றல் குழம்புதான். சாப்பிட வருகிற பேச்சிலர் பையன்கள் இரண்டு நாள் முனகுவார்கள், மூன்றாம் நாள் சுண்டைக்காய் வற்றல் இன்னும் இரண்டு போடுங்கள் என்று இலையை நீட்டுவார்கள்.

பக்கத்து மாவட்டங்களில் என்ன குறைச்சல்? திருவள்ளூர்ப் பக்கத்துக் கத்தரியும் வெண்டையும் கீரையும், பழவேற்காட்டு நண்டும் இறாலும், உத்திரமேரூர்ப் பக்கத்து நெல்லும் சென்னையிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதில் எண்ணெய்க் கத்தரி செய்து பாருங்கள். நம்மாழ்வார் ஐயாவும் நெல் ஜெயராமனும் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போனதன் பேரில் மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் பயிர் செய்கிறவர்கள் வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் போன உணவகத்தில் போட்டது பாஸ்மதி.

உணவகக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறது. வெண்டைக்காய்க்கு அது தெரியுமா? ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். அரை ஏக்கர் வெண்டை போட்டவர் செவ்வாய்க்கிழமை பறித்ததை எங்கே கொண்டுபோவார்? வாரக் கடைசியில் மட்டும் பத்து கிலோ வாங்குகிற உணவகத்தை நம்பி யாரும் பயிர் வைக்க முடியாது. கோயம்பேட்டு மண்டி என்றால் நள்ளிரவில் லோடு இறக்கினாலும் எடுத்துக்கொள்கிறார்கள், விலைதான் அவர்கள் வைத்ததாக இருக்கிறது. உழவர் சந்தையை 1999-இல் மதுரையில் தொடங்கியது இந்த இழுபறிக்காகத்தான். வாங்குகிற நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை, மார்கழியில் மாம்பழ லஸ்ஸி இல்லையென்றால் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு வருகிறோம்.

ஆனால் இதற்கு வழி நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்ததுதான். மிஞ்சிய கொத்தவரையையும் கத்தரியையும் வற்றல் போடுவது, மாவடுவை ஜாடியில் போடுவது, வெங்காய வடகம், மணத்தக்காளி. செவ்வாய்க்கிழமைக் காயை அந்த விலைக்கே வாங்கி வெயிலில் காயவைத்தால் ஆறு மாதத்துக்கு உணவகத்துக்கும் கறி, விவசாயிக்கும் காசு. மொட்டைமாடி நிறைய வெயிலை வைத்துக்கொண்டு ஸ்ட்ராபெரிக்கு மலைக்கு ஆள் அனுப்புகிறவர்களை என்ன சொல்வது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாசல் பலகையில் வசனம் எழுதுகிற இடத்தில் இன்று எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். கோயம்பேடு என்றால் கோயம்பேடு என்றே எழுதுங்கள், யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். தடைக்காலத்தில் வஞ்சிரத்தை எடுத்துவிட்டு நெத்திலி போடுங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லப் பரிமாறுகிற பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். இயற்கை விவசாயப் பொருள் என்று விற்றால் அதற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது, அதைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்கள் நிருபர் இப்படி ஓர் இடத்துக்குப் போனால் சாப்பிட்டு, படம் எடுத்து முடித்ததும் சமையலறைக் கொல்லைப்பக்கம் ஒரு தடவை போய்வரட்டும். அங்கே காலி அட்டைப் பெட்டிகளும் தெர்மோகோல் மீன் பெட்டிகளும் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றின் மேல் எந்த ஊர்ப் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரம்மா,
அடையாறு, சென்னை.