என் தளம் இணையத்தில் ஏறத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டுச் சமையலறை மேசையில் இரவு நேரங்களில் நான் கட்டிவந்த படைப்புத் தொகுப்புத் தளம் சென்ற வாரம் இணையத்தில் ஏறிவிட்டது. நான் செய்த செயலிகளும், தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் என் தன்விவரமும் அதில் உள்ளன. ஒரு பொத்தானை அழுத்தினால் தன்விவரம் பிடிஎஃப் கோப்பாக இறங்கும். பார்த்தவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு சிலருக்குப் போய்ச் சேரவேண்டியது என்பதால், அவரவர் செய்தது இன்னதென்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், பினாங்கின் பாயான் லெப்பாசில் பொறியாளராக இருக்கும் என் பெரியம்மா மகள் அக்காவுக்கு. தாம் பயன்படுத்திய, ஆப்பிளின் எம்1 சில்லு கொண்ட மடிக்கணினியை எனக்குத் தந்தவரும், தளத்தை இணையத்தில் வழங்கும் கணினியான சர்வரில் கோப்புகளைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்த என்னைத் தடுத்து, செயலியை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாகக் கட்டி வேறு கணினியில் ஓட்ட உதவும் டாக்கரைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அந்தப் பொதிக்கு இமேஜ் என்றும், அதைக் கட்டும் செய்முறைக் கோப்புக்கு டாக்கர்ஃபைல் என்றும் பெயர். நான் எழுதிய முதல் டாக்கர்ஃபைலில் உருவான இமேஜ் ஒரு ஜிபியைத் தாண்டியது. கட்டுவதற்கு ஒரு கட்டம், ஓடுவதற்கு ஒரு கட்டம் என இரண்டாகப் பிரித்து, ஓடத் தேவையானதை மட்டும் இரண்டாவதற்கு எடுத்துச் செல்லும் முறையை அவர் காட்டிய பிறகு, அது முன்னிருந்ததில் பாதிகூட இல்லை. கடவுச்சொற்கள் இருந்த கோப்பை நான் இமேஜுக்குள் நகலெடுத்துவிட்டு அடுத்த வரியில் அழித்திருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் இமேஜில் ஓர் அடுக்காகச் சேரும், அடுத்த அடுக்கில் அழித்தாலும் முந்தைய அடுக்கில் அது இருந்துகொண்டே இருக்கும் என்று சொல்லி, அன்றிரவே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றவைத்தார். அப்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் வாடகைக்கு எடுத்தது ஒரு ஜிபி நினைவகம் கொண்ட மலிவான சர்வர். அதிலேயே இமேஜைக் கட்ட முயன்றபோது, ஒவ்வொரு முறையும் பாதியில் 137 என்ற எண்ணோடு வேலை நின்றுபோனது. 128-உடன், கொல் என்னும் கட்டளைக்குரிய 9-ஐக் கூட்டினால் வருவது அந்த எண் என்றும், நினைவகம் போதாமல் இயங்குதளமே வேலையைக் கொன்றுவிடுகிறது என்றும் அக்கா விளக்கினார். ஆகவே மடிக்கணினியில் கட்டி அனுப்பினேன். இம்முறை அது தொடங்கவே மறுத்தது. பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டும் சித்தப்பா அன்று வீட்டில் இருந்தார். நான் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, "நாப்பதடிப் பெட்டிய இருவதடி டிரெய்லர்ல ஏத்துனா நிக்குமாப்பா? பெட்டிய மட்டும் பாத்தா ஆச்சா, லாரியையும் பாக்கணும்ல?" என்றார். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பெட்டியையே துருவிக்கொண்டிருந்த நான் சர்வரின் பக்கம் திரும்பிப் பார்த்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். மடிக்கணினியின் சில்லு ஆர்ம் வகை, சர்வருடையது ஏஎம்டி64 வகை; ஒன்றுக்கெனக் கட்டியது மற்றதில் ஓடாது. எந்த வகைக்குக் கட்டவேண்டும் என்பதைக் கட்டளையில் ஒரு சொல்லாகச் சேர்த்ததும் கொள்கலன் (ஓடும் இமேஜுக்கு டாக்கரிலும் அதுவே பெயர்) எழுந்து நின்றது. சித்தப்பா, உங்களுக்கு ஒரு தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) கடன் இருக்கிறது.

என் தமிழ்ப் பக்கங்களைத் திருத்திக்கொடுத்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் இவற்றையெல்லாம்விடப் பெரிது. தளத்திலிருந்து இறக்கிய தன்விவரத்தை அவர் அச்செடுத்தபோது, தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள் இருந்தன. என் மடிக்கணினியில் அதே கோப்பு ஒழுங்காக வந்ததால், அவருடைய அச்சுப்பொறிதான் பழுது என்று நான் எண்ணினேன். வாயைத் திறந்து சொல்லாதது நல்லதாகப் போயிற்று. ஐயா சிவப்புப் பேனாவால் கட்டங்களை எண்ணி வைத்துவிட்டு அழைத்திருந்தார். "தம்பி, தமிழ் என்ற சொல்லில் மூன்று எழுத்துதானே? இங்கே ஐந்து கட்டம் இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அச்சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். அப்படியானால் எழுத்துகள் ஒன்றும் சிதையவில்லை, அவற்றை வரைந்துகாட்ட எழுத்துருதான் இல்லை. என் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தது. ஆல்பைன் என்னும் மிகச் சிறிய லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் அமைந்த, பிடிஎஃப் உருவாகும் கொள்கலனுக்குள் அது கிடையாது. நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்க்கும் ஒரு வரியை டாக்கர்ஃபைலில் எழுதியதும் தமிழ் வந்துவிட்டது. இந்த வெற்றுக் கட்டங்களுக்குக் கணினி உலகில் டோஃபு என்று பெயர். டோஃபு வேண்டாம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் 'நோ டோஃபு' என்பதன் சுருக்கமே நோட்டோ. ஐயா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நான் விட்டிருந்த ஒற்றுகளைத் திருத்தத் தொடங்கினார். அவை பத்தொன்பது.

எங்கள் லயத்தில் கைப்பேசி அலை வருவதும் போவதுமாக இருப்பதால், இமேஜை அனுப்பத் தம் கடையின் இணையத்தை இலவசமாகத் தந்த சிறுநகரத்துக் கணினிக்கடை அண்ணனுக்கும் நன்றி. ஏற்கெனவே ஏறிய அடுக்குகளை மறுபடி அனுப்பவேண்டியதில்லை என்பதால், மூன்று மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்தது. தளத்தின் இணைய முகவரியான டொமைனுக்கான முதலாண்டுக் கட்டணத்தை வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக்கொடுத்த அம்மாவுக்கு, முதல் சம்பளம் வரும்வரை சொல்லால் மட்டுமே நன்றி சொல்ல முடிகிறது.

இம்மடலை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐயா மறுபடியும் அழைத்தார். இன்று காலை ஏழு மணிக்கு இறக்கிய தன்விவரத்தின் அடியில் நேற்றைய தேதி இருக்கிறதாம். கொள்கலனுக்குள் ஓடுவது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு எட்டு மணி பின்னால். காலை எட்டுக்கு முன் என் தளத்தைத் திறப்பவர் அவர் ஒருவர்தான் போலும். கோலாலம்பூர் நேரத்துக்கு இன்றிரவே மாற்றிவிடுகிறேன், ஐயா.

நன்றியுடன்,
சுங்கை சிப்புட், பேராக்